கைகாட்டியின் சொல்



மொழி மன்றத்தின் மேடையில் ரயில்பாதையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலர்க்கு வியப்பைத் தரக்கூடும். ஆகவே ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறோம். அச்சொல் ‘கைகாட்டி’. நிலையத்தை நெருங்கும் வண்டி வெளியே நிற்க வேண்டுமா, உள்ளே வரலாமா என்பதை அறிவிக்கும் கம்பத்தை ஐரோப்பியர் ‘செமஃபோர்’ என்றனர். அடையாளத்தைத் தாங்குவது என்னும் பொருளில் கிரேக்க வேர்களைச் சேர்த்துக் கற்றோர் ஆக்கிய சொல் அது. தமிழகத்தில் தண்டவாளத்தின் ஓரம் வாழ்ந்த மக்கள் எந்த வேரையும் தேடிப் போகவில்லை. உயர்ந்த கம்பம், அதன் உச்சியில் ஒரு கை, நீட்டியிருந்தால் நில், இறங்கியிருந்தால் வா. கைகாட்டி என்றார்கள், கைகாட்டி மரம் என்றும் சொன்னார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி ஆக்காத சொல் அது. அதனினும் பொருத்தமான ஒன்றை அமைத்துத் தருவது கலைச்சொல் வல்லுநர்க்கும் எளிதன்று.

இன்றைய உரை, அத்தகைய கைகாட்டிகளை மீண்டும் எழுப்பி, அவற்றுக்குப் பேச்சுக் கொடுக்கும் மனிதர்களைப் பற்றியது. பிரிட்டனின் மரபுடைமை ரயில்பாதைகளில் ஊதியமின்றி உழைக்கும் தொண்டூழியர்கள் அவர்கள். உரையின் பெரும்பகுதி அந்நாட்டிலேயே நிகழும். இறுதியில் நம் ஊர்ப் பக்கமும் வருவோம்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களிலும் 1960களிலும், பிரிட்டனில் ஆயிரக்கணக்கான மைல் நீளக் கிளைப் பாதைகள் மூடப்பட்டன. மோட்டார் வண்டிகளும் பேருந்துகளும் பயணிகளைக் கவர்ந்துகொண்டன. பாதைகள் இழப்பில் ஓடின. வேல்ஸ் நாட்டின் டாலிலின் என்னும் குறும்பாதையும் மூடப்படும் நிலைக்கு வந்தது. கூரை வேயும் கற்பலகைகளைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவர 1860களில் போடப்பட்ட பாதை அது. 1950ஆம் ஆண்டில் அதன் உரிமையாளர் மறைந்தபோது, எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் உள்ளிட்ட சிலர் பர்மிங்ஹாமில் கூடி, பாதையைத் தாமே நடத்துவது என முடிவு செய்தனர். 1951 மே மாதத்தில் தொண்டூழியர்களால் வண்டி ஓடியது. உலகிலேயே தொண்டூழியர் மீட்டு நடத்திய முதல் ரயில்பாதை அதுவே. பின்னர் இங்கிலாந்தில் புளூபெல், செவர்ன் பள்ளத்தாக்கு எனப் பல பாதைகள் அவ்வழியில் எழுந்தன. செவர்ன் பள்ளத்தாக்குப் பாதையை மீட்கும் சங்கம் 1965இல் தொடங்கியது. 1970இல் பிரிட்ஜ்நார்த்திலிருந்து முதல் பகுதி திறந்தது. 1984இல் கிடர்மின்ஸ்டர் வரை நீண்டு, இன்று 16 மைல் ஓடுகிறது.

மரபுடைமைப் பாதை என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது நீராவி எஞ்சின். அது இயல்பே. புகைவிடும், கூவும், குழந்தைகளைக் கையசைக்க வைக்கும். நன்கொடையும் அதற்கே மிகுதியாகக் கிடைக்கும். பாதை மூடப்பட்டபோது எஞ்சின்கள் சில காயலான் கிடங்குகளில் துருப்பிடித்தேனும் கிடந்தன. தேடிப் போனவர்க்கு அகப்பட்டன. சமிக்ஞைக் கருவிகளோ அவ்வாறு காத்திருக்கவில்லை. கம்பங்களை அறுத்தார்கள், கம்பிகளைச் சுருட்டி எடுத்தார்கள், நெம்புகோல்களை இரும்பு விலைக்கு விற்றார்கள், கேபின்களை இடித்தார்கள். பிற்காலத்தில் முதன்மைப் பாதைகளில் மின்விளக்குச் சமிக்ஞைகள் வந்தபோது, அங்கே கழற்றப்பட்டவற்றைத் தொண்டூழியர்கள் கேட்டு வாங்கினர். செவர்ன் பள்ளத்தாக்குப் பாதையின் ஆர்லி நிலையத்தில் இன்று நிற்கும் சிக்னல் கேபின் அவ்விடத்தில் பிறந்ததன்று. ஷ்ரூஸ்பரிக்கும் குரூவுக்கும் இடையிலுள்ள யோர்ட்டன் என்னும் நிலையத்திலிருந்து பிரித்தெடுத்துக் கொணர்ந்து எழுப்பப்பட்டது. கட்டடத்தின் மரபே வேறு. அது வேறொரு ரயில் நிறுவனத்தின் கட்டட முறை. பெண் எடுத்து வந்த வீட்டில் ஊன்றி நின்றுவிட்ட மருமகளைப் போல் இன்று அது ஆர்லியின் கேபினாகவே விளங்குகிறது.

கேபினுக்குள் நுழைவோம். உயரமான அறை; மூன்று பக்கமும் கண்ணாடிச் சாளரங்கள்; நடுவே வரிசையாக நெம்புகோல்கள். ஒவ்வொன்றுக்கும் வண்ணம் உண்டு. சிவப்பு வண்டியை நிறுத்தும் கைகாட்டிக்கு உரியது. மஞ்சள் தொலைவிலிருந்து முன்னெச்சரிக்கும் கைகாட்டிக்கு. கறுப்பு தடத்தைப் பிரிக்கும் பாயிண்டுக்கு. நீலம் அந்தப் பாயிண்ட் அசையாதபடி பூட்டுவதற்கு. பணியாளர் நெம்புகோலை வெறுங்கையால் தொடுவதில்லை. துணி ஒன்றை வைத்துப் பிடித்தே இழுப்பார். உள்ளங்கை வியர்வை பட்டால் மெருகிட்ட எஃகு துருவேறும். புதிதாக வரும் பயிற்சியாளர் முதலில் கற்கும் ஒழுக்கம் பெரும்பாலும் இந்தத் துணிதான் என்பது எமக்கு மிகவும் பிடித்த செய்தி.

நெம்புகோலிலிருந்து ஒரு கம்பி, கப்பிகளின் மேல் ஓடி, சில நூறு கெச தூரத்திலுள்ள கைகாட்டியை அசைக்கிறது. வெயிலில் கம்பி நீள்கிறது, குளிரில் சுருங்குகிறது. நீண்ட நாளில் நெம்புகோலை முழுதும் இழுத்தும் கை அரைகுறையாகவே அசையும். ஆகவே கேபினிலேயே கம்பியின் நீளத்தைச் சரிசெய்யும் சக்கரமோ திருகோ இருக்கும். பருவத்துக்கு ஏற்ப அதனைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இரவில் கைகாட்டியைக் காண உதவுவது விளக்கு. இதில் தொண்டூழியர் பலரைத் திகைக்க வைத்த ஒரு நுட்பம் உண்டு. பழைய கைகாட்டியின் ‘பச்சை’க் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தால் அது நீலமாகத் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் நிறமுடையது. நீலக் கண்ணாடியின் வழியே வரும்போது அது பச்சையாகிறது. வசதி கருதிச் சுடரை எடுத்துவிட்டு வெண்ணிற மின்விளக்கை வைத்தவுடன் கைகாட்டி நீலம் காட்டும். கண்ணாடியையும் மாற்ற வேண்டும், அல்லது விளக்கின் நிறத்தைத் தேர்ந்து வைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று பொருள் மாறும். பழம்பாடலுக்கு உரை எழுதுவோர்க்கு இந்தத் தொல்லை புதிதன்று.

இனி, கைகாட்டி ஏன் எப்போதும் ‘நில்’ என்றே நிற்கிறது என்பதைப் பார்ப்போம். தொடக்கத்தில் அவ்வாறு இருக்கவில்லை. ‘வா’ என்பதே அதன் இயல்பு நிலை; இடையூறு இருந்தால் மட்டும் பணியாளர் ‘நில்’ என மாற்றுவார். 1876ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள், இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டன் என்னும் இடத்தில் கடும்பனி பெய்தது. நிலக்கரி வண்டி ஒன்றை ஒதுக்கிவிட்டு விரைவு வண்டிக்கு வழிவிட வேண்டும். பணியாளர் நெம்புகோலைத் தள்ளினார். ‘நில்’ என்று காட்டியதாகவே நம்பினார். பனி உறைந்த கம்பியும் கையும் அசையாமல் ‘வா’ என்றே காட்டிக்கொண்டிருந்தன. விரைவு வண்டி மோதியது. எதிர்த்திசையில் வந்த இன்னொரு வண்டியும் அந்த இடிபாட்டில் மோதியது. அதன்பின் விதி தலைகீழானது. இயல்பு நிலை ‘நில்’ என்றாயிற்று. கம்பி அறுந்தாலும் கனமான இரும்பின் எடையால் கை தானே ‘நில்’ நிலைக்குத் திரும்புமாறு அமைத்தனர். செவர்ன் பள்ளத்தாக்கில் கைகாட்டியைச் செப்பனிடும் தொண்டூழியர் ஒருவர் அந்த எடைக்கட்டியைத் தேய்த்து வண்ணம் பூசும்போது, 1876ஆம் ஆண்டின் பனிக்குக் கொடுத்த விடையையே தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

நெம்புகோல்களுக்கு அடியில், தரைக்குக் கீழே, யாரும் பார்க்காத ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரு நெம்புகோல் இன்னொன்றைப் பூட்டும் அமைப்பு. ஜான் சாக்ஸ்பி என்பார் 1856இல் இத்தகைய பூட்டமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் எண் நெம்புகோல் வண்டியை உள்ளே அழைக்கும் கைகாட்டி. ஐந்தாம் எண் பாயிண்ட் என்று கொள்வோம். பாயிண்ட் சரியான தடத்தில் அமர்ந்தாலன்றி இரண்டாம் எண்ணை இழுக்க இயலாது. இழுத்துவிட்டாலோ, அதனைத் திரும்ப வைக்கும்வரை ஐந்தாம் எண் அசையாது. பணியாளர் எவ்வளவு வலியவராயினும் எஃகுக் கட்டை இடம் கொடாது. ‘அவன் வந்தாள்’ என்று எழுத முயன்றால் எழுதுகோலே நின்றுவிடுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். தமிழாசிரியர்கள் எவ்வளவு மகிழ்வார்கள்! 

இந்தப் பூட்டமைப்பில்தான் மீட்புப் பணியின் கடினமான பகுதி இருக்கிறது. ஓரிடத்தில் கழற்றிய நெம்புகோல் சட்டகத்தை அப்படியே வேறோரிடத்தில் நிறுத்தினால் பயனில்லை. அது பழைய ஊரின் தடங்களுக்காகச் செதுக்கப்பட்டது. பழைய ஊரில் ஒன்றோடொன்று பொருந்தாதவை புதிய ஊரில் பொருந்தலாம். அங்கே தீங்கற்றவை இங்கே உயிரைக் குடிக்கலாம். ஆகவே புதிய நிலையத்தின் தடங்களை வரைந்து, எந்த நெம்புகோல் எதனைப் பூட்ட வேண்டும், எதனை விடுவிக்க வேண்டும் என்று அட்டவணை எழுதுகிறார்கள். பிறகு எஃகுத் தண்டுகளில் பழைய பள்ளங்களை விட்டுப் புதிய பள்ளங்களை அளந்து வெட்டி, அரத்தால் தேய்த்துப் பொருத்துகிறார்கள். பொருத்தியவரே சோதித்தல் போதாது. வேறொருவர் வந்து, செய்யக்கூடாதவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்ய முயல வேண்டும். எல்லா முயற்சியும் தோற்றால்தான் சட்டகம் தேறியது. தவற்றைச் செய்து பார்க்கவே ஒருவர் அமர்த்தப்படும் இத்தேர்வு முறையை நம் பள்ளிகளும் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவும் ஒரு கேபினுக்குள் நடப்பவை. வண்டி ஒரு கேபினிலிருந்து அடுத்த கேபினுக்குப் போக வேண்டும்; இடையே ஒரே தடம். இரு கேபின்களும் பேசிக்கொள்ள வேண்டும். அவை மணியால் பேசுகின்றன. பிரிட்டிஷ் வழக்கில் ஓர் அடி, ‘கவனி’. மறுமுனை அதே ஓர் அடியைத் திருப்பி அடிக்கும். பிறகு மூன்றடி, சற்று நிறுத்தி ஓரடி: ‘சாதாரணப் பயணிகள் வண்டி ஒன்று உண்டு, வழி உண்டா?’ வழி இருந்தால் மறுமுனை அதையே திருப்பி அடிக்கும்; அடித்தவாறே ஒப்புக்கொள்ளும். வழி இல்லையேல் பேசாமலிருக்கும். அந்த மௌனமே மறுப்பு. வண்டி புறப்பட்டதும் இரண்டடி. போய்ச் சேர்ந்ததும் இரண்டடி, நிறுத்தி ஓரடி. ஆறடி தொடர்ந்து ஒலித்தால் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து. ஒவ்வொன்றையும் பணியாளர் நேரத்துடன் பதிவேட்டில் எழுதுவார்.

இங்கேதான் இவ்வுரையின் மையத்துக்கு வருகிறோம். கேபினைக் கட்டலாம், கைகாட்டியை நடலாம், மணியைப் பொருத்தலாம். மறுமுனையில் பொருள் தெரிந்து பதில் அடிக்க ஒருவர் இல்லையெனில் அம்மணி வெறும் ஓசையே. சில மரபுடைமைப் பாதைகளின் நிலையத் தோட்டங்களில், பூச்செடிகளுக்கு நடுவே, கம்பியே இல்லாத கைகாட்டி ஒன்றை அழகுக்காக நட்டு வைத்திருப்பதைப் படங்களில் காண்கிறோம். எமக்கு அது உவப்பாக இல்லை. எந்த வண்டிக்கும் எதுவும் சொல்லாமல் ஆண்டு முழுதும் ‘நில்’ என்று நிற்கும் கை அது. 

ஒரே வண்டி போய்த் திரும்பும் சிறு பாதைக்கு இவ்வளவும் தேவைதானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வினாவே. ஒரே ஒரு கோலைச் செய்து, அக்கோல் கையில் உள்ள வண்டி மட்டுமே பாதையில் ஓடலாம் என்று விதித்தால் போதும். பல சிறு பாதைகள் அவ்வாறே நடக்கின்றன. விடுமுறை நாள்களில் நான்கைந்து வண்டிகள் எதிரும் புதிருமாக ஓடும் பாதைக்கு அது போதாது. அங்கே வண்டிகள் நிலையங்களில் ஒன்றையொன்று கடக்க வேண்டும். பெரும்பாலான மரபுடைமைப் பாதைகளில் வேகம் மணிக்கு 25 மைலுக்கு மேற்படாது என்பது உண்மை. ஆயினும் நேருக்கு நேர் மோதும் இரு வண்டிகளுக்கு அவ்வேகமே போதும். வண்டியில் இருப்போர் மெய்யான பயணிகள். பாட்டிமார், பேரப் பிள்ளைகள். பணியாளர் ஊதியம் பெறாதவர் என்பதால் விபத்து சலுகை காட்டாது. அரசின் ரயில் பாதுகாப்புக் கண்காணிப்பும் காட்டுவதில்லை.

ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காக்கும் வழிமுறை நெடுங்காலம் தந்திச் செய்தியை நம்பியே இருந்தது. 1874ஆம் ஆண்டு செப்டம்பரில், இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில், முறையான கையொப்பம் பெறுமுன்பே அனுப்பப்பட்ட ஒரு தந்தியினால் அஞ்சல் வண்டி புறப்பட்டது; எதிரே வந்த விரைவு வண்டியுடன் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் எட்வர்ட் டையர் என்பார் 1878இல் ஒரு கருவியை அமைத்தார். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரு பெட்டிகள். உள்ளே உலோக வில்லைகள். மறுமுனைப் பணியாளர் இசைந்தால்தான் ஒரு வில்லை வெளிவரும். அது திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை எந்த முனையிலும் வேறொன்று வராது. வில்லையில் இரு நிலையங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கையில் பெற்ற ஓட்டுநர் மட்டுமே அந்த இரு பெயர்களுக்கு இடைப்பட்ட தடத்தில் செல்லலாம். பின்னர் சாவி வடிவிலும் கோல் வடிவிலும் இவை வந்தன. பொதுவாக டோக்கன் என்பர்.

இதைவிடப் பாதுகாப்பான முறை இருக்க முடியாது என்று எல்லாரும் நம்பினர். 1921ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் ஆபர்மியூல் நிலையத்தில் நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஆபர்மியூல் சிறிய நிலையம். கிழக்கே மான்ட்காமரி, மேற்கே நியூடவுன். கிழக்கிலிருந்து மெதுவண்டி, மேற்கிலிருந்து விரைவு வண்டி. இரண்டும் ஆபர்மியூலில் கடந்து செல்ல வேண்டும். வில்லைப் பெட்டிகள் நிலையக் கட்டடத்துக்குள் இருந்தன. நெம்புகோல்கள் வேறிடத்தில் இருந்தன. வழக்கமான நிலைய அதிபர் விடுப்பில் இருந்தார். மாற்று அதிபர் பணியில் இருந்தார். உடன் ஒரு சிக்னல் பணியாளரும், பதின்ம வயதைக் கடவாத இரு சிறுவரும். விதிப்படி வில்லைப் பெட்டியைத் தொடும் உரிமை சிலர்க்கே உண்டு; நடைமுறையில் யார் அருகில் இருந்தாரோ அவரே தொட்டார். 

மெதுவண்டி வந்து நின்றது. சிறுவருள் ஒருவர் ஓட்டுநரிடமிருந்து வில்லையை வாங்கினார். அது மான்ட்காமரி–ஆபர்மியூல் வில்லை. பெட்டிக்குள் போட வேண்டியது. வழியில் நிலைய அதிபரைக் கண்டு அவரிடம் கொடுத்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்கப் போனார். அதிபர், இது மெதுவண்டி மேற்கே செல்வதற்கான வில்லை என்று எண்ணினார். வில்லையைத் திரும்ப ஓட்டுநரிடமே கொடுத்தார். தம் கையிலிருந்து சற்றுமுன் போன அதே வில்லையை ஓட்டுநர் வாங்கி வைத்துக்கொண்டு புறப்பட்டார். எதிரே விரைவு வண்டி, நியூடவுன்–ஆபர்மியூல் வில்லையை முறைப்படி பெற்று வந்துகொண்டிருந்தது. 17 பேர் இறந்தனர்.

கருவி தவறவில்லை. மின்சாரம் தவறவில்லை. அப்பெட்டி ஒரு தவறான வில்லையையும் வெளியிடவில்லை. கொடுத்தவர், வாங்கியவர், மீண்டும் கொடுத்தவர், மீண்டும் வாங்கியவர் எனக் கைமாறிய உலோகத்தில் இரண்டு ஊர்ப் பெயர்கள் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. ஒருவரும் படிக்கவில்லை. எழுத்தறியாதவர் அவர்களுள் எவரும் இல்லை. நாள்தோறும் செய்த செயல். ஆண்டுக்கணக்கில் ஒருமுறையும் பிழைக்காத செயல். அதனால் கண் ஓடவில்லை. 

டாலிலின் பாதையை மீட்ட ரோல்ட்டே 1955இல் ‘ரெட் ஃபார் டேஞ்சர்’ என்னும் பெயரில் ரயில் விபத்துகளின் வரலாற்றை எழுதினார். ஆபர்மியூல் அதில் இடம்பெற்றுள்ளது. பழம்பாதைகளை நேசிக்கத் தொண்டூழியர்க்கு வழிகாட்டிய அதே கைதான் அப்பாதைகளில் மனிதர் எவ்வாறு இறந்தனர் என்பதையும் எழுதிற்று. இது தற்செயலாகத் தோன்றவில்லை எமக்கு. மரபுடைமையை மீட்போர் அதன் அழகை மட்டும் மீட்டுக்கொள்ள முடியாது. 

ஆகவே மரபுடைமைப் பாதையில் சிக்னல் பணியாளராக விரும்பும் தொண்டூழியர்க்கு நெடும் பயிற்சி உண்டு. விதிநூலைக் கற்க வேண்டும். மூத்தவர் ஒருவரின் அருகில் பல நாள் அமர்ந்து அவர் கண்காணிக்க வேலை செய்ய வேண்டும். பின்னர்த் தேர்வு, அதுவும் ஒரு கேபினுக்கு மட்டுமே. அடுத்த கேபினுக்கு வேறு தடம், வேறு பூட்டு, வேறு தேர்வு. டோக்கனைப் பெறும் ஓட்டுநர், அதிலுள்ள ஊர்ப் பெயரைப் பார்த்துச் சரிபார்த்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும். வார நாள்களில் கணக்காளராகவோ மருத்துவராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருப்பவர், சனிக்கிழமை காலையில் கேபினின் படியேறித் துணியை எடுத்துக்கொண்டு, மறுமுனைக்கு ஓரடி மணி அடிக்கிறார். பூட்டமைப்பு அவரைப் பல பிழைகளிலிருந்து காக்கும். பெயரைப் படிக்கும் வேலையை அது அவர்க்காகச் செய்து தராது.

முதல் தலைமுறைத் தொண்டூழியர்களுள் பலர், கைகாட்டிகளை நாள்தோறும் இயக்கிய ரயில்வே ஊழியர்களிடம் நேரே கற்றவர்கள். அவ்வூழியர்களோ நீராவிக் காலத்தில் பணியாற்றியவர்கள். இன்று முதன்மைப் பாதைகளில் கைகாட்டிகள் அருகிவருகின்றன; கேபின்கள் மூடப்பட்டு, பெருநிலப்பரப்பின் போக்குவரத்தை ஒரே கட்டுப்பாட்டு மையம் கணினித் திரைகளில் நடத்துகிறது. அது பாதுகாப்பானது, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கம்பி இறுகியிருப்பதை நெம்புகோலின் கனத்திலேயே உணரும் கை, பழுதை ஓசையிலேயே அறியும் செவி ஆகியவற்றைக் கற்றுத்தர வெளியே பள்ளி இல்லாமற் போகிறது. மரபுடைமைப் பாதைகளே கடைசிப் பள்ளிகளாகின்றன. ஆசிரியர்களும் முதுமை எய்துகின்றனர். நெம்புகோல்கள் நூற்றாண்டைக் கடந்தும் நிற்கும். அவற்றின் அருகே அமர்ந்து கற்க இளைஞர் வருகிறாரா என்பதுதான் பல பாதைகளின் இன்றைய கவலை.

நம் ஊர்ப் பக்கம் வருவதாகச் சொன்னோம். மலாயாவின் முதல் ரயில்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. அதை அமைத்த உழைப்பில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினருக்குப் பங்குண்டு. பின்னர் வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும், தமிழகத்திலிருந்து வந்தோர் தண்டவாளப் பணியாளர்களாகவும் மலாயா ரயில்வேயில் நிறைந்திருந்தனர். செந்தூல் பட்டறையைப் பற்றிப் பேசாத பழைய தமிழ்க் குடும்பங்கள் கோலாலம்பூரில் குறைவு. 

சிங்கப்பூரில் புக்கிட் தீமா நிலையம் 1932இல் எழுந்தது. ஒற்றைத் தடத்தில் வண்டிகள் கடந்து செல்லும் இடம் அது. டையரின் முறைவழி வந்த சாவி டோக்கன் அங்கே 2011ஆம் ஆண்டு வரை பயன்பட்டது. பெரிய வளையம் ஒன்றில் மாட்டிய டோக்கனை நிலையப் பணியாளர் தூக்கிப் பிடிக்க, நகரும் எஞ்சினிலிருந்து ஓட்டுநர் கையை வளையத்துக்குள் விட்டுப் பற்றிக்கொள்வார். உங்களுள் மூத்தோர் சிலர் அதைக் கண்ணால் கண்டிருப்பீர்கள். அந்த ஆண்டு சூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் அதனை ஓட்டிச் சென்றார். பாதையின் பெரும்பகுதித் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. புக்கிட் தீமா நிலையக் கட்டடமும் அதன் அருகிலுள்ள இரும்புப் பாலமும் காக்கப்பட்டுள்ளன. இன்று அங்கே மக்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். 

கட்டடம் நிற்கிறது. டோக்கனைத் தூக்கிப் பிடித்த கைகளுக்கு உரியோருள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிலருடைய பிள்ளைகள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். ஆசிரியர்களிடம் எமக்கு ஒரு வேண்டுகோள். வாய்மொழி வரலாறு பற்றிய பாடவேலை கொடுக்கும் ஆண்டில், மாணவர்களை ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம் அனுப்புங்கள். மாணவர்களே, அவரிடம் எந்த ஆண்டு பணியில் சேர்ந்தீர்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வளையத்தை உங்களுக்குள் என்னவென்று அழைத்தீர்கள் என்று கேளுங்கள். மணி அடிப்பதற்கு என்ன சொல்? டோக்கன் வராமல் வண்டி காத்து நிற்பதற்கு என்ன சொல்? இரவு வேலையில் இருந்த தமிழரும் மலாய்க்காரரும் சீக்கியரும் தொலைபேசியில் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? அவர் சொல்லும் சொல் அகராதியில் இல்லையென்று தயங்க வேண்டா. அவர் உச்சரித்தவாறே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவர்க்கே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பிழையிருந்தால் அவர் திருத்துவார்.

வினாக்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதால் இத்துடன் அமர்கிறோம்.